இரண்டாவது பொட்டலம்

"எடு தாயி. ஒங்க அக்காளை நெனச்சுக்கிட்டு எடு" என்றார் சோணைமுத்து.

வெள்ளைத்தாயின் கை நீளவில்லை. தரையில் பூவரச இலைப் பொட்டலங்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு அரளி என்று அப்பா சொல்லியிருந்தார். வெள்ளை வந்தால் காலேஜ். சிவப்பு வந்தால் பரளச்சி அத்தை வீட்டுக்கு மருமகள். பொட்டலங்களுக்குப் பின்னால் ஓர் ஓலைப்பெட்டி. உள்ளே மடிப்புக் கலையாத பாவாடை, சட்டை, கண்ணாடி வளையல். எல்லாம் சந்தனத்துக்குப் படைத்தவை.

சந்தனம் இந்த வீட்டு மூத்த மகள். ஐந்து வருடத்துக்கு முன், கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, கொல்லைக் கிணற்றில் விழுந்து செத்தாள். கால் வழுக்கிவிட்டது என்று ஊருக்குச் சொன்னார்கள். கன்னியாகச் செத்தவள் தெய்வமாம். உயிரோடு இருந்தபோது எட்டாம் வகுப்போடு நிறுத்திப் போட்ட பெண்ணுக்கு, இப்போது ஆடி தவறாமல் புதுப் பாவாடை எடுக்கிறார்கள். மாடு வாங்குவதென்றாலும் அவள் உத்தரவு கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

அந்தச் சாவுக்குப் பயந்துதான் சோணைமுத்து இளையவளை அருப்புக்கோட்டைக்குப் படிக்க அனுப்பினார். வெள்ளைக்காரன் போன மறு வருடம் அவள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். "மதுரையில ஒரு காலேஜ், பாளையங்கோட்டையில ஒண்ணு. எதுன்னு யோசிச்சுச் சொல்லு, நான் எழுதிப் போடுறேன்" என்றார் இன்பராஜ் வாத்தியார். மதுரை பக்கம், நினைத்தால் பஸ் ஏறி வந்துவிடலாம். பாளையங்கோட்டையில் படித்தால் டாக்டருக்குப் போகலாம் என்றார்கள். வெள்ளைத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை, அதே யோசனைதான்.

அதற்குள் சோணைமுத்துவின் அக்காள் பரளச்சியிலிருந்து வந்து சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "மூத்தவளுக்குத்தான் குடுத்து வைக்கல. எளையவளை என் சின்னவனுக்குக் கட்டு. உரிமையை விட்டுட்டு நான் எந்திரிக்க மாட்டேன்." அக்காளிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழகாத மனிதர் அவர். "கன்னிகிட்டயே கேட்டுருவோம்" என்றார். பூவைப் பொட்டலம் கட்டியதும் அவரேதான்.

வெள்ளைத்தாய் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். சிவப்பு.

அவள் அழவில்லை. "அக்காளுக்கே நான் படிக்கிறதுல இஷ்டமில்ல போல" என்றாள்.

தாய் பெத்தம்மாளுக்கு மூத்தவள் ஞாபகம் வந்தது. ஒன்பதாம் வகுப்பா, கல்யாணமா என்று சந்தனமும் இதே இடத்தில் உட்கார்ந்து எடுத்தவள்தான். "எங் கையே எனக்கு எதிரியாப் போச்சே ஆத்தா" என்று அன்றைக்கு முழுக்கப் புலம்பினாள்.

"இந்தா, இதைக் கெணத்துல போட்டுட்டு வா" என்று மற்றப் பொட்டலத்தைப் பெத்தம்மாளிடம் நீட்டினார் சோணைமுத்து. சாமி வேண்டாமென்றதை மனிதர் பார்க்கக் கூடாது. பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். போன தடவை போட்டதும் பெத்தம்மாள்தான்.

கோடைக் கிணற்றில் தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது. அடியில் ஒருத்தி நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல் இருந்தது. எப்போது எட்டிப் பார்த்தாலும் பெத்தம்மாளுக்கு அப்படித்தான் இருக்கும். "ஏன்த்தா, ஒனக்கா இஷ்டமில்ல?" என்று குனிந்து கேட்டாள். தங்கச்சி கையைப் பிடித்து மணலில் ஆனா எழுத வைத்தவள் சந்தனம். அவளா இப்படிச் சொல்வாள்? பெத்தம்மாளுக்கு மனசு ஆறவில்லை. இலையைப் பிரித்தாள்.

அதுவும் சிவப்பு அரளிதான்.

வீட்டுக்குள் வந்து அதைப் புருசன் முன்னால் வைத்தாள்.

"யாரு பிரிக்கச் சொன்னது? சாமி குத்தம்டி" என்று எழுந்தார் அவர்.

"சந்தனத்துக்குப் பொட்டலம் கட்டுனப்பயும் ரெண்டும் செவப்புதானா?"

சோணைமுத்து அக்காளைப் பார்த்தார். அக்காள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். "நடந்ததைக் கெளறி இப்ப என்ன ஆகப் போகுது?" என்றாள் தலை நிமிராமல்.

"தான் எடுத்ததுதான்னு நம்பிச் செத்தாளே, எம்புள்ள" என்றாள் பெத்தம்மாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளைத்தாயி, அந்த ரெண்டு காலேஜுல எதுல கெணறு கெடையாது?"

"பாளையங்கோட்டையில கொழாத்தண்ணின்னு வாத்தியாரு சொன்னாரு ஆத்தா."

"அப்ப அதுக்கே எழுதச் சொல்லு."