சட்டை கழற்றும் இடம்

"பின்ன இது யாருக்க மணம்?"

"வெயிலாக்கும் ஆதிரா. பிள்ளைய குளிப்பிச்சியா?"

"நேத்து சாயங்காலமும் குளிப்பிச்சேன், இப்பமும் குளிப்பிச்சேன். மூணு வயசுப் பிள்ளைக்க அக்குள்ல மண்வெட்டி பிடிச்ச ஆளுக்க மணம் வருமா சேட்டா? மோந்து பாருங்க."

ஸ்ரீஜித் குனிந்து மகளின் கையைத் தூக்கி முகர்ந்தான். அஸ்வதி கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இனி முதுகப் பாருங்க."

ஆதிரா பிள்ளையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். காலை வெளிச்சம் சாய்வாக விழுந்தது. கழுத்திலிருந்து இடுப்பு வரை, முதுகுத்தண்டின் இருபுறமும் மெல்லிய கறுத்த முடி. வெள்ளம் வடிந்த கரையில் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடப்பதைப் போல எல்லாம் ஒரே திசையில் படுத்திருந்தது.

"எனக்க அம்மைக்கும் கையில முடி உண்டு" என்றான் அவன்.

"உங்க அம்மைக்கு வயசு அறுபது."

மகளின் முதுகைத் தொடக் கையை நீட்டியவன் பாதியில் நிறுத்தித் தன் தோளைத் தடவிக்கொண்டான். ஆதிரா அதைக் கவனித்தாள். ஒரு வாரமாக அவள் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் அவனும் நினைக்கிறான். அது இன்னும் பயமாக இருந்தது.

அஸ்வதி பிறந்தபோது ஆதிராவின் இதயம் வீங்கிப்போனது. இன்னொரு பிரசவத்தை அது தாங்காது என்று இதய மருத்துவர் சொன்னார். மயக்கம் கொடுத்து அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்யவும் அவர் தயங்கினார். காப்பர் டி போட்டார்கள். மூன்று மாதம் ரத்தம் நிற்கவில்லை, எடுத்துவிட்டார்கள். பிறகு ஒருமுறை ஆணுறை கிழிந்தது. அந்த மாதம் தேதி பத்தொன்பது நாள் தள்ளிப்போனது. பத்தொன்பது நாளும் அவள் யாரிடமும் பேசாமல் மகளுக்கு உடுப்பு வாங்கினாள். நாலு வயதுக்கு, அஞ்சு வயதுக்கு, ஏழு வயதுக்கு என்று தனித்தனியாக மடித்து அலமாரியில் அடுக்கினாள். இருபதாம் நாள் ரத்தத்தைக் கண்டபோது குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகுதான் ஸ்ரீஜித் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தான். பாறசாலையில் டைல்ஸ் கடையில் அவனுக்கு வேலை. சரக்கு எடுக்கத் திருவனந்தபுரம் போன இடத்தில் ஓர் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்தானாம். ஆண்களுக்கான புதிய மருந்து, ஆராய்ச்சியில் இருக்கிறது. தினமும் காலையில் தோள்களில் தேய்க்க வேண்டிய ஒரு களிம்பு. விந்தணு உண்டாவதை அது நிறுத்திவிடும், மருந்தை விட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. மனைவிக்குக் கர்ப்பத்தால் ஆபத்து உண்டா? மருந்து பலிக்குமா என்று தெரியாத ஆராய்ச்சி என்பதால், ஆபத்து உள்ளவர்களை அவர்கள் சேர்க்க மாட்டார்கள். ஸ்ரீஜித் 'இல்லை' என்று குறித்தான். ஆதிராவும் கீழே கையெழுத்துப் போட்டாள்.

நாலாம் மாதம், எண்ணிக்கை ஏறக்குறைய பூஜ்யம் என்று போன் வந்தது. அன்றுமுதல் ஆதிரா அவனுடைய தோள்களை வேறு மாதிரி பார்க்கத் தொடங்கினாள். ஒரு சாண் அகலமுள்ள இரண்டு தோல் துண்டுகள். அவற்றின்மேல் அவள் உயிர் இருந்தது.

இப்போது மகளைப் பார்க்கும்போது, முன்பின் தெரியாத ஒரு ஆள் அந்தச் சின்ன உடம்புக்குள் மெதுவாக நடந்து வருவதாக அவளுக்குத் தோன்றியது.

"ஜிஷா சிஸ்டரை விளிக்கட்டா?" என்றான் ஸ்ரீஜித்.

"விளிங்க."

ஆராய்ச்சியில் இருப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ் ஜிஷா. நெய்யாற்றின்கரைக்காரி. அவள் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பிள்ளைய இப்பமே கொண்டு வர முடியுமா?" அந்த 'இப்பமே'யைக் கேட்டதும் ஆதிரா பிள்ளைக்கு உடுப்பு மாற்றத் தொடங்கினாள்.

பாறசாலையில் ரயில் ஏறினார்கள். கூட்டம் அதிகமில்லை. அஸ்வதி அப்பாவிடம் போக அடம்பிடித்துத் தாயின் மார்பில் ஓங்கிக் குத்தினாள். வலித்தது. மூன்று வயதுக்கு அவ்வளவு பலம் இருக்குமா என்று ஆதிரா கணக்குப் பார்த்தாள். ஸ்ரீஜித் திருவனந்தபுரம் வரை கதவருகிலேயே நின்றான், சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டு.

ஆஸ்பத்திரியில் ஜிஷா ஒரு நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். "காலையில எந்திச்சதுல இருந்து சொல்லணும். ஒண்ணையும் விடாண்டாம்."

"நாலரைக்கு எந்திப்பேன். குளிப்பேன். தோர்த்து வச்சு நல்லா துவட்டுவேன். மருந்து தேய்ப்பேன். அஞ்சு நிமிசம் ஃபேனுக்குக் கீழ நிப்பேன். பிறகு சட்டை."

"கை கழுவுவீங்களா?"

"சோப்பு போட்டு ரெண்டு தடவ. அந்தத் தோர்த்த வேற யாரும் தொடமாட்டாங்க. கொடியில கூட தனியாக்கும் போடுவது."

"பிள்ளைய எப்ப எடுப்பீங்க?"

"சட்டை போட்ட பிறகுதான். அவளத் தூக்கிட்டுக் கோயிலுக்குப் போவேன். போற வழியிலயும் வாற வழியிலயும் சட்டை உண்டு."

ஜிஷாவின் பேனா நின்றது. "கோயிலுக்குள்ள?"

"கோயிலுக்குள்ள யாரு சிஸ்டர் சட்டை போடுவா?" என்று அவன் லேசாகச் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

கோயில் வாசலில் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, அரைத் தூக்கத்தில் இருக்கும் மகளை வெறும் தோளில் சாய்த்து அவன் நடைக்குள் நுழைவதை ஆதிரா பார்த்திருக்கிறாள். கன்னம் தோளில் ஒட்டியிருக்கும். மூன்று சுற்று. தீபாராதனை வரைக்கும் நிற்பது. உடம்பு வியர்த்திருக்கும்.

"எத்தனை நாளா?" என்றாள் ஜிஷா.

"நாப்பத்தொண்ணு நாள் நேர்ந்திருந்தது. முடிஞ்ச பிறகும் பிள்ளை விடல்ல, காலையில அவளே எந்திச்சு உக்காந்திருப்பா. மூணு மாசம் ஆகும்."

"நான் சொன்னேனில்லியா, வெறும் தோள்ல ஆரும் தொடப்படாதுன்னு."

"சொன்னீங்க. நான் வீட்டுல ஒரு நாள் கூட சட்டை இல்லாம இருந்ததில்ல சிஸ்டர், இந்தச் சூட்டுல. ஆனா அங்க நிக்கும்போ சட்டை இல்லாம நிக்கேன்னு தோணாது. எல்லாரும் அப்படித்தான நிக்குதாங்க."

நேர்ந்தது யாருக்காக என்று ஜிஷா கேட்கவில்லை. ஆதிராவின் இதயத்துக்காக. அவள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கட்டும் என்றுதான் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனான். அந்தக் காலைகளில் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பிள்ளையின் ரத்தம் எடுத்தார்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஆராய்ச்சியின் டாக்டர் அம்மாள் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, உடுப்பை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மருந்துல ஆண் ஹார்மோன் இருக்கு. தோல் வழியா உள்ள போறதுக்குன்னே செஞ்ச மருந்து. யாருடைய தோல்னு அதுக்குத் தெரியாது" என்றார். "இனிமே படாம இருந்தா பெரும்பாலும் எல்லாம் திரும்பிடும். எலும்பு வயசுக்கு மீறி வளர ஆரம்பிச்சிருக்கான்னுதான் பார்க்கணும். வியாழக்கிழமை சொல்றேன்."

'பெரும்பாலும்' என்ற சொல் ஆதிராவின் காதில் தங்கிவிட்டது.

"ஸ்ரீஜித், நீங்க இன்னையோட நிறுத்தணும். விந்தணு சில வாரத்துல திரும்ப ஆரம்பிக்கும், சரியா எப்பன்னு சொல்ல முடியாது. அதனால இப்பவே வேற ஏதாவது வழி பாத்துக்குங்க. அவசரமில்லாம யோசிக்கலாம். ஒருவேளை கரு நின்னுட்டாலும் ரெண்டாவது குழந்தைதானே."

ஸ்ரீஜித் மேசையைப் பார்த்தான். அவன் சொல்லமாட்டான் என்று ஆதிராவுக்குத் தெரிந்தது.

"டாக்டர், நாங்க ஒரு பொய் எழுதினோம்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிரசவம், வீங்கிய இதயம், பத்தொன்பது நாள். சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்கியது. டாக்டர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது உங்களுக்கான ஆராய்ச்சியே இல்லம்மா" என்றார். பிறகு ஸ்ரீஜித்தைப் பார்த்தார். "நீங்க ஏன் ஆபரேஷன் செய்துக்கல? ஆம்பளைக்கு அது ரொம்பச் சின்னது. மூணு வருஷம் முன்னாலயே முடிஞ்சிருக்கும்."

அவன் எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளினான்.

வெளியே வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அஸ்வதி நடுவில். முழங்கையில் ஒட்டிய பஞ்சை எடுத்து எடுத்துப் பார்த்தாள். ஸ்ரீஜித் அவளை விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தான். மகள் நெருங்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் நகர்ந்தான். இனி நகர இடமில்லை.

"எனக்கு வாய் வரல்ல ஆதிரா" என்றான். "அங்க கத்தி வைக்கிறதுன்னு நினைச்சா எனக்க உடம்பு விறைச்சுப் போவு. அந்தக் காகிதத்தக் கண்டப்பம் தெய்வம் காட்டின வழின்னு நினைச்சேன். இப்பிடி ஆவும்னு..."

"பிள்ளைய எடுக்க எனக்க வயித்தக் கீறும்போ பயமா இருக்கா, பேடி உண்டான்னு யாரும் கேக்கல்ல."

"தெரியும்."

"இல்ல, தெரியாது." அவள் குரலைத் தாழ்த்தினாள். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "வியாழக்கிழமை என்ன சொல்லப் போறாங்களோன்னு எனக்குப் பேடி. ராத்திரி நீங்க பக்கத்துல படுத்தா இனி பேடி. தேதி ஒரு நாள் தள்ளினா பேடி. உங்க பேடியையும் சேத்து வச்சிக்கிட எனக்கு இடமில்ல சேட்டா."

"வீட்டுக்குப் போயிட்டு, நாளைக்கு..."

"வீட்டுக்குப் போனா நீங்க அடுத்த மாசம்னு சொல்லுவீங்க."

அவன் கைகளை முழங்காலின் மேல் விரித்து வைத்தான். ஆதிரா அவற்றைப் பிடிக்கப் போய், மருந்து தேய்த்த கைகள் என்று நினைவு வந்து, தன் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அந்தா தெரியுத கட்டடமாக்கும். ஆம்பளைகளுக்க ஆபரேஷனுக்கு ஒரு மணி வரைக்கும் பேர் எழுதுவாங்கன்னு ஜிஷா சொன்னா. இப்பம் பன்னிரண்டே கால். நான் பிள்ளையோட இங்க இருக்கேன். போய் பேர் குடுத்துட்டு வருவீங்களா?"