கேரட் பாத்தியில் பொய்ச்சாட்சி

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, ஒரு போனில் உதித்தது. வார இதழின் ஆசிரியர் கூப்பிட்டார். துப்பறியும் தொடர் ஒன்றுக்கு ‘விஷம்’ என்று தலைப்பு வைத்து விளம்பரமும் போட்டாகிவிட்டதாம். கதை மட்டும்தான் பாக்கியாம். சட்டைத் துணி வாங்கும் முன்பே பொத்தான் வாங்கி வைக்கிற ஆள் அவர். நானும் பொத்தானுக்குச் சட்டை தைத்துப் பழகியவன். சரி என்றேன்.

போனை வைப்பதற்குள் கொலைகாரன் தயார். பூச்சிமருந்து வியாபாரி. செத்தவளும் தயார். மருந்தே தொடாமல் பயிர் செய்யும் ஒரு பெண். என் தங்கை அப்படித்தான் பயிர் செய்கிறாள் என்பதால், மண்வாசனைக்காக (ஆசிரியரின் வார்த்தை) அவள் வீட்டு மாடியறையில் போய்த் தங்கினேன். முதல் தொடக்கம் இது:

கேரட் வயலின் நடுவே அவள் கிடந்தாள். வாயோரம் நுரை. வரப்பில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, அதில் இடது செருப்பு மட்டும்

[தங்கை காபியை மேஜையில் வைத்துவிட்டுத் தோளுக்கு மேலாகப் படித்தாள். “செத்தது நானா?” என்றாள். இல்லவே இல்லை என்றேன். “செருப்பு என்னுதுதானே” என்று சொல்லிவிட்டுக் கீழே போனாள்.]

2

இரண்டாவது தொடக்கத்தில் பிணத்தை அப்புறப்படுத்திவிட்டு நிலத்தை வைத்தேன்.

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு வயல்கள். இடப்பக்கம் இருப்பது என் கொலைகாரனுடையது. அவர் மருந்துக்கடையும் வைத்திருக்கிறார், பயிரும் வைக்கிறார். அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் குறிப்புகளில் வில்லன் என்றே எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, அப்படியே இருக்கட்டும். அவர் வயல் இஸ்திரி போட்ட படுக்கை விரிப்பு மாதிரி இருந்தது. ஒரே பச்சை, சுருக்கமே இல்லை. வலப்பக்கம் தங்கையின் வயல். ஒரு துண்டு கேரட், ஒரு துண்டு அவரை, நடுநடுவே உழாமல் விட்ட பட்டைகள், அதில் புதர், முள், பெயர் தெரியாத கொடி, எந்நேரமும் ஏதோ ஒன்று ரீங்காரமிட்டுக்கொண்டு. தலை வாராமல் பள்ளிக்கூடம் கிளம்பிய பிள்ளை மாதிரி.

எது அழகு? இந்த இடத்தில் ‘வலப்பக்கம்தான்’ என்று எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். எழுதினேன், அடித்தேன். கண் என்னவோ இடப்பக்கத்துக்கே போயிற்று. காது மட்டும் வலப்பக்கம். இடப்பக்கத்திலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.

3

தங்கையின் புருஷன், மாப்பிள்ளை, கொட்டகையில் டிராக்டருக்குப் பின்னால் எதையோ மாட்டிக்கொண்டிருந்தார். வரிசையாக பர்னர்கள், மேலே காஸ் சிலிண்டர்கள். என்ன இது என்று கேட்டேன்.

“வயலுக்குத் தீ வைக்க, மச்சான்.”

தமாஷ் என்று நினைத்தேன். இல்லையாம். கேரட் விதை முளைக்க ரொம்ப சோம்பேறித்தனம் பண்ணும். களை முந்திக்கொண்டு வந்துவிடும். கேரட் தலைகாட்டுவதற்குச் சற்று முன்னால் பாத்தி மேல் தீயை ஓட்டிக்கொண்டு போனால் களைக்குருத்து வெந்து சுருளும். மண்ணுக்குள் இருக்கும் கேரட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் முந்தினால் பாதிக் களை தப்பிக்கும். ஒரு நாள் பிந்தினால் கேரட்டும் வெந்துவிடும். அந்த நாளைக் கண்டுபிடிக்க ஓரத்துப் பாத்தியில் ஒரு கண்ணாடித் தகட்டைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதற்கடியில் வெதுவெதுப்பு, அங்கே மட்டும் கேரட் முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். பார்த்தால், மறுநாள் காலை தீ. இதைவிட நல்ல டைம்பாமை நான் எந்தத் தொடரிலும் வைத்ததில்லை.

ஆனால் குழப்பமும் அங்கேதான் ஆரம்பித்தது. மருந்து வேண்டாம் என்கிறவள் காஸை எரிக்கலாமா? தங்கையிடமே கேட்டேன்.

“பக்கத்து வயல்ல கொட்டற யூரியா எதுலேர்ந்து வருதுன்னு நினைக்கிற? அதுவும் காஸ்தான்ணா. அங்க ஃபேக்டரிக்குள்ள எரியுது, இங்க உன் கண்ணு முன்னாடி எரியுது.”

அப்படியானால் யார் குறைவாக எரிக்கிறார்கள் என்றேன். மொத்தப் பண்ணைக்குப் பார்த்தால் தாங்கள்தான் என்றாள். கேரட்டுக்கு மட்டும் பார்த்தால்? களையெடுக்க டிராக்டர் எத்தனை தடவை போய் வருகிறது என்று யோசித்தாள். “சத்தியமா தெரியலை” என்றாள்.*

போன வருடம் தீ வைக்க வேண்டிய நாளில் மழை பிடித்துக்கொண்டது. களை கேரட்டை விழுங்கிவிட்டது. அப்போது மாப்பிள்ளை குரலை உயர்த்தாமல் ஒன்று சொன்னாராம்: இன்னொரு தடவை இப்படிப் போனால் அடுத்த வருடம் களைமருந்து அடிப்பேன். இவளும் சரி என்றாளாம். இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது மருந்து படாத இந்த வயல்தான். யாருடைய உயிரும் இல்லை. என் ஆசிரியருக்கு இது போதாது. தங்கைக்கு இதற்கு மேல் எதுவுமில்லை.

* படித்தவர்கள் சிலரையும் விசாரித்தேன். ஏக்கர் கணக்கில் கேட்டால் ஒரு பதில், கிலோ கணக்கில் கேட்டால் வேறு பதில். தங்கை வயலில் விளைச்சல் குறைவு என்பதால், இரண்டாவது கணக்கில் வித்தியாசம் சுருங்குகிறது. சில பயிர்களில் தலைகீழாகவே ஆகிறதாம். இரண்டு பதிலும் உண்மை என்றார்கள். துப்பறியும் கதைக்கு இது உதவாது.

4

இனி நான் சாட்சி.

ஆசிரியரோடு போனில் பேசிக்கொண்டே கேரட் வயலுக்குள் நடந்துகொண்டிருந்தேன். வில்லன் என்ன வசனம் பேசுவான் என்று அவர் கேட்க, நான் பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஓர் ஆள்காட்டிக் குருவி காலடியிலிருந்து எழும்பி, ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தியது. குனிந்தேன். வெறும் மண்ணில் ஒரு சின்னக் குழி. அதில் நான்கு முட்டைகள், மண் நிறத்தில், மை தெளித்த மாதிரி புள்ளிகளோடு. பக்கத்தில் ஒரு மஞ்சள் பூ. கண்ணை எடுத்து மறுபடி பார்ப்பதற்குள் முட்டைகள் மண்ணாகிவிட்டன. மீண்டும் உற்றுப் பார்த்தபின்தான் தெரிந்தன.

நிற்கும் டிராக்டரிலிருந்து எத்தனையாவது பாத்தி என்று எண்ணி மனசில் வைத்துக்கொண்டேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு. வசனத்தை முடித்துக்கொண்டு நான் வரப்புக்கு வந்தபோது மாப்பிள்ளை டிராக்டரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

[கிராமத்தில் வளராதவன் என்று நீங்கள் சிரிக்கலாம். வளர்ந்தவரான மாப்பிள்ளையும் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் கண்ணாடிக்கடியில் கேரட் எட்டிப் பார்த்துவிட்டது.]

5

வெளிச்சம் இருக்கும்வரை தேடினோம். ஆள்காட்டி எங்கள் தலைக்கு மேலேயே கத்திக்கொண்டு வந்தது. அது எங்கே அதிகமாகக் கத்துகிறதோ அங்கே இருக்கும் என்று துப்பறியும் மூளையோடு சொன்னேன். அங்கே மட்டும் இருக்காது என்றார் மாப்பிள்ளை. ஆளை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகத்தான் கத்துமாம்.

அப்படியானால் மஞ்சள் பூவைத் தேடுங்கள் என்றேன்.

தங்கை நின்றாள். “எந்தப் பூ? களை இப்பதான் ரெண்டு இலை விட்டிருக்கு. இதுல பூ எங்கேர்ந்து வந்துச்சு?”

பூ இருந்தது. குறிப்பில்கூட எழுதியிருந்தேன். பார்த்துவிட்டு எழுதினேனா, எழுதிவிட்டுப் பார்த்தேனா? கூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பூ இருந்தால் நன்றாக இருக்கும் என்று கை தானாகப் போட்டிருக்கும். அப்படியென்றால் குழி? முட்டை நான்கா, மூன்றா? பாத்தியின் நடுவிலா, விளிம்பிலா? நான்காவது பகுதியை நீங்கள் சந்தேகத்தோடு மறுபடி படியுங்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

வேலிக்கு அப்பாலிருந்து வில்லன் வந்தார். டார்ச்சோடு. விஷயம் கேட்டதும் அவரும் குனிந்து தேட ஆரம்பித்தார். (இது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம்வரை அவர் கெட்டவராக இருந்தாக வேண்டும்.) தேடிக்கொண்டே பேசினார். தன் வயலில் போன வருடம் ஒரு கூடு இருந்ததாம். இவர் களைமருந்து அடித்தபோது குருவி எழுந்து போய், பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டதாம். முட்டை அத்தனையும் பொரித்ததாம்.

“குஞ்சு?” என்றாள் தங்கை.

“அது எங்கயோ போயிடுச்சும்மா.”

“எங்கயும் போயிருக்காது. தின்ன ஒரு புழு இல்லை உங்க வயல்ல.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டார்ச்சை அணைத்தார். “உன் வயல்ல புழு இருக்கு. தீயும் இருக்கு” என்றார்.

கட்டுரை எழுதுகிறவனாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். மருந்து இல்லாததால் புழு வந்தது, புழு வந்ததால் குருவி வந்தது, குருவி வந்ததால்தான் வேக வைக்க முட்டை இருக்கிறது. இதில் குற்றவாளி யார் என்று எந்த அத்தியாயத்தில் சொல்வது?

6

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. தங்கை விடிவதற்கு முன்பே சிலிண்டர் குழாயை அறுத்துவிடுகிறாள். தீ இல்லை. முட்டை பொரிக்கிறது. குஞ்சுகள் ஓடுகின்றன. கேரட்டைக் களை மூடுகிறது. அடுத்த வருடம் மாப்பிள்ளை மருந்து அடிக்கிறார். அதே குஞ்சுகள் வளர்ந்து திரும்பி வந்து

[வேண்டாம்.]

இரண்டாவது முடிவு. தீ வைக்கிறார்கள். விளைச்சல் அமோகம். வயல் தப்பியது, தங்கையும் தப்பினாள். இனி வருடாவருடம் நிறைய குருவிகள் வரலாம். இந்த நான்கு போனது பரவாயில்லை என்று வாசகரை நம்பவைக்க ஒரு நல்ல பத்தி வேண்டும். அந்தப் பத்தியை இன்னும் எழுத முடியவில்லை.

மூன்றாவது முடிவு. கூடு கிடைக்கிறது. அதைச் சுற்றி இரண்டு கை அகலம் தீ வைக்காமல் விடுகிறார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மிகவும் பிடித்திருந்ததால் தங்கையிடம் படித்துக் காட்டினேன். சுற்றிலும் வெறும் மண், நடுவில் ஒரு பச்சைத் திட்டு என்றால் காக்காய்க்கு விலாசம் எழுதிக் கொடுத்த மாதிரிதான் என்றாள். ஆனாலும் அதுதான் இருப்பதில் நல்லது என்றாள். முதலில் கூடு கிடைக்கட்டும் என்றாள்.

7

விடியலில் காற்றே இல்லை. தீக்கு அதுதான் வேண்டும். காற்று எழுந்தால் ஜுவாலை சாயும், களை பிழைக்கும். வெயில் ஏறினால் காற்று எழும் என்றும், அதற்கடுத்த நாட்களில் மழை என்றும் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளை டிராக்டரை வயல் ஓரத்தில் நிறுத்தினார். மூவரும் அதன் மறைவில் வரப்பில் உட்கார்ந்தோம். தேடினால் கிடைக்காது, ஆனால் அசையாமல் இருந்தால் குருவி தானாகவே கூட்டுக்குத் திரும்பும் என்பது மாப்பிள்ளையின் யோசனை. நான் இருமலை அடக்கிக்கொண்டேன்.

குருவி தூரத்தில் இறங்கியது. நாலடி ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது. ஒரு பாத்தியில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்தது. தங்கை அந்த இடத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நேராக நடந்து போனாள். மாப்பிள்ளை கையசைத்து வழி காட்டினார். குருவி எழுந்து கத்தியது. தங்கை மண்ணில் முட்டி போட்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். முழங்காலில் ஈர மண்.

“பொய்யா உட்காருது” என்றார் மாப்பிள்ளை. “நாம பார்க்கிறோம்னு அதுக்குத் தெரியும்.”

மறுபடி காத்திருந்தோம். இம்முறை வேறொரு பாத்தியில் உட்கார்ந்தது. உட்கார்ந்து, உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்து, அப்படியே இருந்தது. ரொம்ப நேரம் இருந்தது.

“அங்கதான்” என்றாள் தங்கை, மூச்சு விடுகிற அளவுக்கு மெதுவாக.

“போன தடவையும் அதான் சொன்னே.”

“போன தடவை இப்படி அசைஞ்சுதா? முட்டையைச் சரி பண்ணுது.”

“நம்மளையே பார்த்துட்டிருக்கு. முட்டை மேல உட்கார்ந்தது இப்படிப் பார்க்குமா?”

“பின்ன எப்படிப் பார்க்கும்? நாம தீயோட உட்கார்ந்திருக்கோம்.”

வரப்பில் ஒரு புல் நுனி அசைந்தது. மூவரும் அதைப் பார்த்தோம். மாப்பிள்ளை எழுந்துபோய் டிராக்டரைக் கிளப்பினார். பர்னர்கள் ஒவ்வொன்றாகச் சீறிக்கொண்டு பற்றின. குருவி எழும்பவில்லை. இது நல்ல அடையாளமா, கெட்ட அடையாளமா?

அவர் இருக்கையில் இருந்தபடி என் பக்கம் திரும்பினார்.

“நாங்க ரெண்டு பேரும் பார்க்கலை, மச்சான். நீங்கதான் பார்த்தீங்க. அதுதான் இடம்னு சொல்லுங்க, அதைச் சுத்தி விட்டுட்டு மத்ததை ஓட்டிடறேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நிறுத்திட்டு இறங்கித் தேடுவோம். காத்து வந்தா வரட்டும்.”

தங்கை என்னைப் பார்க்கவில்லை. மண் ஒட்டிய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று கண்டுபிடிக்க முயன்றேன். அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

நான் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே இரண்டு தடவை எழுதினேன். ஒரு தடவை ‘ஆமாம்’. படித்துப் பார்த்தால் உண்மை மாதிரி இருந்தது. ஒரு தடவை ‘இல்லை’. அதுவும் உண்மை மாதிரியே இருந்தது. இல்லாத பூவைப் பூக்க வைத்த கை இது. இதை நம்பி வயலையும் கொடுக்க முடியாது, முட்டையையும் கொடுக்க முடியாது. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

நீங்களோ என்னை மாதிரி போனில் பேசிக்கொண்டு வரவில்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தீர்கள். ஓரத்துப் பாத்தியிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தீ சீறுகிறது. குருவி இன்னும் உட்கார்ந்தே இருக்கிறது. மாப்பிள்ளையின் கை நெம்புகோல் மேல் இருக்கிறது. அவர் என்னைத் தாண்டி உங்களைப் பார்க்கிறார்.

“அங்கதானா?”