டார்க்வாவின் அலுவலகத்துக்கு வந்த நிழல்கள்

குமாசி நகரில், டார்க்வாவின் துணி வலைத்தளத்தில் ‘சம்மதம்’ என்று அழுத்தியவர்களின் நிழல்கள் மறுநாள் காலையிலேயே அடும் என்கிற கடைவீதியில் இருந்த அவருடைய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தன. ஒன்றன்பின் ஒன்றாக மாடிப்படி ஏறி, சுவரோரம் நின்றுகொண்டன. மழைக்காலம் முடிவதற்குள் பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் அங்கே வேலை பார்க்க முடியும் என்றாகிவிட்டது. ஊர்க்காரர்கள் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “எனக்கு நிழல் போயிடுச்சுடி, உனக்கு?” என்று சந்தையில் ஒருத்தி கேட்பாள். “போனாப் போகுது, அது என்ன எனக்குச் சோறா போட்டுச்சு?” என்று தக்காளிக் கூடைக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி சிரிப்பாள். அதோடு பேச்சு தக்காளி விலைக்குப் போய்விடும்.

நிழல்களை விசாரிப்பது, அங்கே வேலைக்கு இருந்த அஃப்ரியே என்ற பெண்ணின் பொறுப்பு. கெட்டிக்காரி. நிழலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பதை முதல் வாரத்திலேயே கண்டுகொண்டாள். யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எந்தப் பாதிரியாரோடு யாருக்குச் சண்டை என்று எல்லாவற்றையும் அவை தாழ்ந்த குரலில் ஒப்பித்தன. அதற்குத் தோதான துணி மாலைக்குள் அந்தந்த ஆளின் போனில் வந்து நிற்கும். வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. டார்க்வா கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். “சம்மதம்னு அவங்கதானே அழுத்துனாங்க? நான் என்ன கன்னம் வச்சா எடுத்தேன்?” என்பார். அஃப்ரியேயும் அப்படித்தான் நினைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஃபோசுவா என்கிற இட்லிப்பானை மாதிரி உருண்டையான பெண்மணி படியேறி வந்தாள். டார்க்வா வழக்கம்போல நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடித்த பிறகு, வந்த காரியம் என்ன என்று கேட்டார். அந்த ஊரில் எதிரி வந்தாலும் அந்த முறை மாறாது. அவள் தம்ளரை ஓங்கி வைத்தாள்.

“இப்ப எனக்குத் தண்ணி குடுக்கத் தெரியுதுல்ல? என் தம்பி ஒபுவாசில செத்துட்டான். குடும்பத்துப் பெரியவங்க என்னை உக்கார வச்சு, தண்ணி குடுத்து, பக்குவமா சொல்லணும்னு வண்டியேறி வந்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்குள்ள உன் வலைத்தளம் என் போன்ல கறுப்பும் சிவப்புமா சாவுத்துணி காட்டுது! யாருய்யா நீ, என் தம்பி சாவை எனக்குச் சொல்ல?”

டார்க்வா விலையில் பாதி தள்ளித் தருவதாகச் சொன்னார். “நாசமாப் போ” என்றுவிட்டு அவள் இறங்கிப் போனாள். அந்தப் பெரியவர்களில் ஒருவரின் நிழல் சொன்னதைக் கேட்டு, அந்தத் துணியை எடுத்து அனுப்பியவள் அஃப்ரியே. வெட்கத்தில் அவளுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை வந்த நிழல்களில் ஒன்று அவளுடைய அம்மா போக்குவாவின் நிழல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுத்திப் போக வலைத்தளத்தில் ஒரு வெள்ளைத்துணி தேடியிருக்கிறாள் அம்மா. நிழல் ஒரு கையை இடது மார்பின்மேல் அழுத்திப் பிடித்தபடி நின்றது. வீட்டில் அம்மா அப்படி நின்று அஃப்ரியே பார்த்ததே இல்லை.

“என்னன்னு கேளும்மா,” என்றார் டார்க்வா, நல்ல மனதோடுதான். “உனக்கும் தெரிஞ்சுக்க வேணாமா? ஒரே கேள்வி, சொல்லிடும்.”

சொல்லிவிடும்தான். கேள்வி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அம்மா மறைப்பது உயிர்போகிற விஷயமாக இருந்தால்? இன்றைக்குக் கேட்காமல் விட்டு, நாளைக்கு அழுது என்ன பிரயோசனம்? அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இத்தனை மாதமாக இத்தனை பேர் வந்து நிற்கிறார்கள், ஒருவரைக்கூட உட்காரச் சொல்லவில்லை, ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. நிழல்தானே என்று இருந்துவிட்டார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். நிழல் உட்கார்ந்தது. தண்ணீர் கொடுத்தாள். தம்ளரில் மட்டம் இறங்கியது.

“வந்த காரியம் என்னம்மா?”

“நான் எங்க வந்தேன்? இழுத்துட்டு வந்தாங்க.”

அடுத்த நிழலைக் கேட்டாள், அதற்கடுத்ததையும் கேட்டாள். எல்லாம் ஒரே பதில். சாயங்காலம் கதவை அகலத் திறந்து, “வீட்டுக்குப் போங்க எல்லாரும்,” என்றாள். படியில் நெரிசல். “அடிப்பாவி, கம்பெனியையே கவுத்துட்டியே!” என்று டார்க்வா தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, அறைக்குள் வெயில் அடித்தது.

பன்டாமாவில் இருந்த வீட்டில் அம்மா ஃபுஃபுக் களிக்குக் கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். அஃப்ரியே உலக்கையை வாங்கிக் கீழே வைத்தாள்.

“உனக்கு என்னமோ பண்ணுதுல்ல? சொல்லும்மா.”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். என் நிழலு அங்கதானே கெடந்துச்சு, அதுகிட்டக் கேட்டியாக்கும்?”

“கேக்கல. அனுப்பிட்டேன்.”

“கேட்டா சொல்லியிருக்குமே.”

“சொல்லியிருக்கும். உன்கிட்டத்தான் கேக்கணும்னு வந்தேன். நீ சொல்லலைன்னா சரி, நாளைக்கும் வந்து கேப்பேன்.”

போக்குவா மகளின் கையைப் பிடித்து, ரவிக்கைக்கு மேலாகத் தன் இடது மார்பில் வைத்தாள். விரலுக்கடியில் சின்னதாக, கெட்டியாக இருந்தது. “பயமா இருக்குடி,” என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

கட்டியைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது. நிழல்களை அனுப்பிவிட்ட பிறகு டார்க்வா ஒரு மாதம் அஃப்ரியேயுடன் பேசவில்லை. பிறகு பேசினார், வேலையிலிருந்தும் நிறுத்தவில்லை. வலைத்தளம் இப்போது என்ன வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. வியாபாரம் முன்போல இல்லை, மோசமும் இல்லை. பொழுதுபோகாத சில நிழல்கள் தாமாக வந்து உட்கார்ந்து, பிடித்த நிறத்தைச் சொல்லிவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுகின்றன. போக்குவாவின் நிழல் வருவதே இல்லை. அவள் நடக்கிற இடமெல்லாம் அது கூடவே போகிறது, வீட்டு விஷயம் எதையும் அது வெளியில் சொல்வதில்லை.