தென்துருவத்திலை செத்த தேசிக்கண்டு

முதலே சொல்லிப்போடுறன், செத்தது ஆளில்லை. ஒரு தேசிக்கண்டு, எலுமிச்சஞ்செடி. பேர் றொசாலியா. ஆனா எங்கடை கோயில்லை அரைவாசிப் பேர் இண்டைக்கும் அது என்ரை மனுசன்ரை ஆரோ பொம்பிளை எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கினம். எல்லாம் என்ரை சிநேகிதி றம்யாவாலை வந்தது. பூசை முடிஞ்சு வாசல்லை நிக்கேக்கை என்ரை மனுசன் றெஜி போன் எடுத்து, "செலஸ்ரீனா, றொசாலியா செத்துப்போச்சு" எண்டு விம்மினார். நான் ஸ்பீக்கரிலை போட்டிருந்தன். பக்கத்திலை நிண்ட றம்யா கேட்டா, "ஏனடி, தென்துருவத்திலையும் உன்ரை மனுசனுக்கு ஒருத்தி அம்பிட்டிட்டாளோ?"

றெஜி அங்கை ஆராய்ச்சி நிலையத்திலை குசினியிலை சமையல் உதவிக்குப் போனவர். பதின்மூண்டு பேர், சுத்திவர ஐஸ். மாசியிலை கடைசிப் பிளேன் போனா இனி கார்த்திகையிலைதான் அடுத்தது. இடையிலை செத்தாலும் கொண்டுவரேலாது. அந்த வேலையை எடுத்துக் குடுத்தது சிஞ்ஞோறா எமிலியானா. பலெர்மோவிலை, கால்சாப் பக்கம், அவவின்ரை வீட்டிலை நான் பன்ரண்டு வருசமா வேலை. அவ யூனிவேர்சிற்றியிலை செடியளைப் படிக்கிறவ. ஐஸுக்கை ஒரு அறையிலை, லைற் வெளிச்சத்திலை, தேசி காய்க்க வைக்கிறதுதான் அவவின்ரை ஆறு வருச வேலை. அந்தக் கண்டுதான் றொசாலியா.

திங்கக்கிழமை நான் வேலைக்குப் போக, அவ இரவு உடுப்போடை மேசையிலை இருக்கிறா.

"வெள்ளிக்கிழமைக்குள்ளை றோமுக்கு அறிக்கை குடுக்கோணும், செலஸ்ரீனா. காரணம் தெரியாது எண்டு எழுதினா ரெண்டாவது கண்டு தரமாட்டினம். எல்லாம் முடிஞ்சுது."

"காரணம் ஒரு ஆளெண்டால்?"

"அந்த ஆளைப் பொலிதேயாமா தியேட்டருக்கு முன்னாலை கட்டித் தூக்குவன்" எண்டா, பிஸ்கோத்தைக் கோப்பியிலை தோய்ச்சுக்கொண்டு.

எனக்கு றெஜியை நினைக்கப் பயமாக் கிடந்தது. அந்தாள் ஒவ்வொரு நாளும் அந்தக் கண்டைப் போய்ப் பாக்கிறவர். அவரிலை பழி விழுந்தா வாற வருச வேலைக் கொன்ராத்தோ இல்லை. எனக்கு இந்த வீட்டு வேலையும் இல்லை.

புதன்கிழமை விசாரணை தொடங்கிச்சு. சாப்பாட்டு மேசையிலை லப்ரொப். பதின்மூண்டு பேரும் ஒவ்வொருத்தரா வந்து கமராவுக்கு முன்னாலை இருக்கினம். லைன் சரியில்லை. சில பேர் வாயைத் திறந்தபடியே நிண்டுபோவினம், சிஞ்ஞோறா அதுக்கும் பேசுவா. நான் பின்னாலை அயர்ன் பண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தன்.

எனக்குத் தெரியாது, ஒரு செடி செத்ததுக்கு இவ்வளவு பேர் பாவசங்கீர்த்தனம் செய்வினம் எண்டு. மெக்கானிக் அழுதழுது சொன்னான், அந்த லைற்றுக்கு மேலை தன்ரை சப்பாத்துச் சொக்ஸ் காயப்போட்டவனாம். அவனுக்குப் பிறகு வந்தது நட்சத்திரம் பாக்கிற ஆள். விட்டிட்டுப் போன காதலிக்கு எழுதின கடிதங்களை இவர் றொசாலியாவுக்கு வாசிச்சுக் காட்டினவராம். "எத்தினை கடிதம்?" எண்டு சிஞ்ஞோறா கேட்டா. "நாப்பது" எண்டார். "அதுக்கு நானெண்டாலும் செத்திருப்பன்" எண்டு சொல்லிப்போட்டு அதையும் எழுதினா. இன்னொருத்தர் இருந்த ஒரேயொரு பூவைப் பிடுங்கிப் பெண்சாதியின்ரை பிறந்தநாளுக்குப் படம் எடுத்து அனுப்பினவர். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் சட்டைக் கை கருகப் பாத்தது.

வியாழக்கிழமை டொக்டர் வந்தார். அவரும் பலெர்மோதான்.

"நான் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை" எண்டார். "கடைசி ரெண்டு கிழமை அந்த அறைக்குள்ளை போனா மத்தியானப் பல்லாறோச் சந்தை மாதிரி மணந்தது. எனக்கு வீட்டு நினைவு வந்து அழுகை வந்திட்டுது. தனிமையிலை மூளை குழம்புது எண்டு நினைச்சு நானே எனக்குக் குளிசை எழுதிப் போட்டன்."

சிஞ்ஞோறா 'டொக்டருக்கு ஓய்வு தேவை' எண்டு எழுதினா. நான் அயர்ன் பெட்டியை நிமித்தி வைச்சிட்டு நிண்டன். பல்லாறோ. மத்தியானம். மீன்.

றெஜி ஒருநாள் போனிலை, கண்டு கொஞ்சம் வாடுது, சிஞ்ஞோறா பாவம் எண்டு சொன்னவர். நான் என்ன சொன்னனான்? மீன் கழுவின தண்ணியை ஊத்துங்கோ எண்டு சொன்னனான். எங்கடை பல்கணித் தேசி அதிலைதானே காய்க்குது.

அடுத்தது றெஜியின்ரை முறை. பட்டன் எல்லாம் பூட்டிக்கொண்டு, தலை வாரி இழுத்துக்கொண்டு வந்து இருக்கிறார். அவருக்குத் தெரிஞ்சது குசினி இத்தாலியன், வெட்டு, கழுவு, கெதியா. பயந்தா அதுவும் வராது.

"செலஸ்ரீனா, நீ வந்து மொழிபெயர்" எண்டா சிஞ்ஞோறா. "கண்டுக்கு ஏதும் ஊத்தினவனோ எண்டு கேள்."

"இஞ்சேருங்கோ, அந்தத் தண்ணியை ஊத்தினீங்களோ?"

"நீர்தானே ஊத்தச் சொன்னனீர்."

"எவ்வளவு?"

"நாளுக்கு ஒரு பெரிய யக் நிறைய. வெள்ளிக்கிழமையிலை மீன் கூடவெல்லே, அண்டைக்கு ரெண்டு."

"ஒவ்வொரு நாளுமோ? மாசத்திலை ஒருக்கா ஊத்திறதெல்லோ."

"அதை நீர் சொல்லேல்லையே. நான் பாசத்திலை ஊத்தினன்."

"சரி, மண்ணுக்குத்தானே ஊத்தினீங்கள்?"

"இஞ்சை எங்காலை மண்? வேர் தண்ணிக்குள்ளையெல்லோ தொங்குது. அந்தத் தண்ணிப் பெட்டிக்குள்ளைதான் ஊத்தினன்."

படத்திலை எப்பவும் இலையைத்தான் காட்டுவினம். மண்ணே இல்லையெண்டு எனக்கு ஆர் சொன்னது?

"இவ்வளவு நேரமா என்ன சொல்லுறான்?" எண்டு சிஞ்ஞோறா கேட்டா.

"சுகம் விசாரிக்கிறார், சிஞ்ஞோறா."

றெஜி கமராவுக்குக் கிட்ட வந்தார். மூக்கு மட்டும்தான் தெரிஞ்சுது. "செலஸ்ரீனா, நான்தான் எண்டு சொல்லும். உம்மடை பேச்சே எடுக்காதையும். கார்த்திகை வரைக்கும் என்னை ஆராலும் வந்து பிடிக்கேலாது. நீர் அவவின்ரை வீட்டுக்குள்ளையெல்லோ நிக்கிறீர்."

இருபத்திரெண்டு வருசக் கலியாணத்திலை அந்தாள் எனக்கு இப்பிடி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிறகு என்னெண்டு பொய் சொல்லுறது.

"நான்தான் சிஞ்ஞோறா" எண்டன். "நான்தான் கொலை செய்தது."

அவ கண்ணாடியைக் கழட்டினா. "நீயோ? இஞ்சை இருந்துகொண்டோ?"

முழுக்கச் சொன்னன். மீன், யக், பல்கணி, எல்லாம். லைன் நிண்டு, றெஜி ஒரு கண்ணை மூடினபடி திரையிலை.

"என்ன மீன்?" எண்டா சிஞ்ஞோறா.

"ஆ?"

"என்ன மீன்? உப்புப் போட்டதோ? எந்தத் திகதியிலை தொடங்கினவன்? கேள்."

லைன் திரும்பி வர, நான் ஒண்டும் மறைக்காமல் கேட்டுக் கேட்டுச் சொன்னன். அவ ஒரு தாளை இழுத்தெடுத்தா. கண்டின்ரை தண்ணியிலை உப்பு அளக்கிற கருவி கணக்கில்லாமல் ஏறிக்காட்ட, பழுதாப்போச்சு எண்டு விட்டிருந்தவையாம். ஏறத் தொடங்கினது றெஜி சொன்ன அதே நாளிலை. சிஞ்ஞோறா எழும்பினா. என்னைக் கட்டித் தூக்கப் போறா எண்டு நான் அயர்ன் மேசைக்குப் பின்னாலை போனன். அவ வந்து என்ரை முகத்தைப் பிடிச்சு ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சினா.

"கொலைகாரி" எண்டா. "நட, அந்தப் பல்கணி மரத்தைக் காட்டு."

ஸ்தாசியோனே சென்ட்ராலே எண்ட பெரிய றெயில் ஸ்டேசனுக்குப் பின்னாலை எங்கடை வீடு. நாலு மாடி, லிப்ற் இல்லை. அறுபத்தாறு வயசு மனுசி எனக்கு முன்னாலை ஏறிப் போகுது. பல்கணியிலை காய் எண்ணினா. முப்பத்தொண்டு. மண்ணைக் கிண்டி மணந்து பாத்து, இஞ்சை மண் மீனைத் தின்னுது, அங்கை மீன் வேரைத் திண்டிருக்குது எண்டு சொல்லிச் சிரிச்சா. எனக்கும் சிரிப்புப் பத்தி, ரெண்டு பேரும் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டம்.

அங்கை நிண்டே றோமிலை அறிக்கை கேட்ட அதிகாரிக்குப் போன் எடுத்தா. கீழை ஸ்கூட்டர் சத்தம், அந்தாளுக்கு விளங்கேல்லை. "மீன், டொத்தோரே. ஓம், மீன். மீன் கழுவின தண்ணி." எதிர்ப் பல்கணியிலை உடுப்புக் காயப்போட்ட மனுசி எட்டிப் பாத்து, மீன் கிலோ என்ன விலை எண்டு கேட்டுது.

கொஞ்சத்தாலை சிஞ்ஞோறா போனைக் கையாலை பொத்தினா. "காரணம் தெளிவாம். கார்த்திகைப் பிளேனிலை ரெண்டாவது கண்டு போகுது. றெஜியை அந்த அறைப் பக்கம் விடக்கூடாதாம், ஆனா குசினியிலை நிக்கலாமாம். பொறுப்பான ஆளின்ரை பேர் கேக்கிறார். ஆரோ குசினி ஆள் எண்டு மட்டும் போடலாம், உன்ரை பேர் வேண்டாம்."

குசினி ஆள் எண்டால் ஆர்? றெஜிதானே.

"தாங்கோ சிஞ்ஞோறா" எண்டு போனை வாங்கினன். "டொத்தோரே, எழுதுங்கோ. செலஸ்ரீனா மரியாம்பிள்ளை. மிலானோவின்ரை எம், அன்கோனாவின்ரை ஏ..."

அந்தாள் சிரிக்கிற சத்தம் கேட்டுது. "மெதுவா, சிஞ்ஞோறா" எண்டார். நான் எழுத்தெழுத்தா மெதுவாச் சொன்னன்.