ஒரு சீட்டுக்கான மைல்ஸ்

தங்கமயிலின் அப்பா திருநெல்வேலியில் ஐ.சி.யூ.வில் கிடந்தார். மும்பையிலிருந்து இன்றைய விமான டிக்கெட்டோ யானை விலை.

"எதுக்கும்மா கலங்குத? என் கணக்குல மைல்ஸ் குவிஞ்சு கெடக்கும்லா, அதுல காசில்லாமலே டிக்கெட் எடுக்கலாம்," என்றார் அய்யாத்துரை, அவள் கணவனுக்கு அண்ணன். தாராவிக் கடை அவர் பெயரில், வீடு அவர் பெயரில். குடும்பத்தில் யார் ஊருக்குப் பறந்தாலும் அவருடைய மெம்பர் நம்பரைத்தான் கொடுக்க வேண்டும். அது அவர் போட்ட சட்டம். யாரும் மூச்சுவிடக் கூடாது.

செல்போனைத் திறந்தவரின் முகம் சுருங்கியது. மைல்ஸ் பூஜ்யம். கஸ்டமர் கேருக்கு அடித்துக் கத்தினார். ஸ்பீக்கரில் ஒரு பெண் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள்: பறந்தவரின் சொந்தக் கணக்கில்தான் மைல்ஸ் ஏறும். அய்யாத்துரை பறந்ததெல்லாம் மிக மலிவான வகுப்பு. டிக்கெட்டில் அந்த வகுப்பின் எழுத்து இருந்தால் மைல்ஸே கிடையாது.

"பொய் சொல்லுதா!" போனை மெத்தையில் எறிந்தார். கணவன் ரமேஷ்குமார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். விமானத்துக்கு நேரம் நெருங்கியது.

தங்கமயில் தன் போனை எடுத்தாள். முதல் பிரசவத்துக்கு ஊருக்குப் போனபோதே தன் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தாள். அதன்பின் ஒவ்வொரு முறையும் தையல் காசில் கொஞ்சம் கூடப் போட்டு, மைல்ஸ் தரும் எழுத்தாகப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தாள். திருநெல்வேலி போக மதுரை வரை ஒரு சீட்டு எடுக்க அது போதும்.

எட்டிப் பார்த்த அய்யாத்துரைக்கு ரத்தம் தலைக்கேறியது. "யாரக் கேட்டு உன் பேருல சேத்த?"

டிக்கெட்டை உறுதி செய்துவிட்டுத்தான் அவள் நிமிர்ந்தாள்.

"உக்காந்து போனது நாந்தான அத்தான்?"