விலாசப் பாடம்

இருபத்திரண்டு வருடம் ஒன்றாம் வகுப்புக்கே பாடம் எடுத்தவள் நான். எழுத்து கொஞ்சம் மெதுவாக வந்தால் நான் கவலைப்பட்டதில்லை. இந்த வருடம் வராத எழுத்து அடுத்த வருடம் வந்துவிடும். ஆனால் பள்ளி திறந்து இரண்டு மாதத்துக்குள் என் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர், கதவு எண், தெரு, வீட்டு போன் நம்பர் எல்லாவற்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். இதில் நான் ராட்சசி. ராகம் போட்டு, கைதட்டி, பாட்டாகவே சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என் வகுப்புப் பிள்ளை ஒன்று பஸ் நிலையத்தில் தொலைந்துபோனது. யார் கேட்டாலும் "எங்க வீட்டுக் கதவு நீலக் கலரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்ததாம். அந்த ஒன்பது மணி நேரத்தில் அதன் அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் நான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தாள் பட்டன். சட்டையின் மேல் பட்டனை விடாமல் திருகிக்கொண்டே இருந்ததால் நான் வைத்த பெயர் அது. அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். விண்ணப்பத்தில் அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தாள். பட்டன் நன்றாகப் படித்தாள், எழுத்தெல்லாம் மணி மணியாக எழுதினாள். விலாசம் கேட்டால் மட்டும், "தெரியாது டீச்சர்."

மூன்று வாரம் இதே பதில். மற்ற முப்பது பேரும் ஒப்பித்துவிட்டார்கள், இவள் மட்டும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து அவள் விலாசத்தை நானே எடுத்தேன். மத்தியான இடைவேளையில் பக்கத்தில் உட்கார வைத்து, தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுத்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். ஒரு புதன்கிழமை அவள் வாயைத் திறந்தாள்.

"கதவு எண் பதினேழு, மாடி வீடு, மணிக்கூண்டுத் தெரு…"

முடித்துவிட்டுச் சிரித்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்படியே போனில் வீடியோ எடுத்து, "முப்பத்தோராவது பிள்ளையும் தேறிவிட்டாள்!" என்று எழுதிப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எவ்வளவு பெருமை எனக்கு!

சாயங்காலம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் அம்மா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"டீச்சர், அந்த வீடியோவ எடுத்துடுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"ஏம்மா, நல்லாத்தானே சொல்றா?"

"தெரியாதுன்னு சொல்லச் சொன்னதே நான்தான். யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்னு ஆறு மாசமா சொல்லி வச்சிருக்கேன்." தலைமுடியை ஒதுக்கி இடது காதைக் காட்டினாள். காதுமடலில் பழைய தையல். "இதுல எனக்குக் கேக்காது டீச்சர். அடுத்த தடவ பாப்பாவையும் விடமாட்டேன்னு அவ அப்பா சொன்னாரு. அன்னைக்குக் கட்டுன துணியோட ஓடி வந்தோம்."

உடனே வீடியோவை அழித்தேன். ஆனால் அதற்குள் ஒரு பிள்ளையின் அப்பா, 'சூப்பர் குட்டி' என்று எழுதி, எங்கள் பள்ளிப் பெயரையும் போட்டு, தன் நண்பர்கள் குழுவுக்கெல்லாம் அனுப்பியிருந்தார். அவர்கள் யார் யாருக்கு அனுப்பினார்களோ! சிந்திய பாலை எங்கே போய் அள்ளுவது? ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு வீடு பார்த்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவள் போனாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று ராத்திரி கொஞ்சமாவது தூங்கியிருப்பேன்.

மறுநாள் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு பாடம் எடுத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தண்ணீர் கேன் போட வந்தவனைக்கூட வாசலிலேயே நிறுத்தி யாரென்று விசாரித்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்பு வாசலில் ஒருவர் வந்து நின்றார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஒரு பொம்மைப் பெட்டி. பிள்ளையின் அப்பா என்று சொன்னதும் காவலாளி கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

"வணக்கம் டீச்சர். என் பொண்ணப் பாக்க வந்தேன்."

கடைசி வரிசையில் பெஞ்சு கிறீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் என் கண்ணே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"எந்தப் பொண்ணு?"

அவர் பெட்டியின் மேல் விரலால் தாளம் போட்டார். என் தாளம். என் ராகம். "கதவு எண் பதினேழு… மாடி வீடு… மணிக்கூண்டுத் தெரு…" ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. "அருமையா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர். இப்ப அங்கேருந்துதான் வர்றேன். வீடு பூட்டியிருக்கு."

நான் வாசலை மறித்து நின்றேன்.

"அவ இங்க இல்லையே. நேத்தே டி.சி. வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்படியா?" அவர் என்னைத் தாண்டிப் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். போனில் ஒரு படத்தைக் காட்டினார். "குட்டிங்களா, இந்தப் பாப்பா இன்னைக்கு வந்தாளா?"

பொய் சொல்லக் கூடாது, பெரியவர்கள் கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்று தினமும் சொல்லிக் கொடுத்தவள் நான். முதல் பெஞ்சிலிருந்து, லவுட்ஸ்பீக்கர் என்று நான் பெயர் வைத்த பையன் எழுந்தான். எந்த ரகசியமும் அவன் வாயில் ஐந்து நிமிடம் தங்காது. வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். என் முகத்தில் அவன் என்ன பார்த்தானோ தெரியாது.

"அவ போயிட்டா அங்கிள்," என்றான்.

"போயிட்டா," என்றார்கள் இன்னும் நாலைந்து பேர். பிறகு வகுப்பு மொத்தமும் இழுத்து இழுத்து, "போ…யிட்டா."

சுவரில் முப்பத்தோரு பை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் எண்ணிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எண்ணவில்லை. பெட்டியை என் மேசையில் வைத்து, "வந்தா குடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு நிதானமாக நடந்து போனார்.

கதவைத் தாழிட்டுவிட்டு பெஞ்சுக்கடியில் குனிந்தேன். பட்டன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கீழே ஈரம். தூக்கிக்கொண்டேன்.

தலைமையாசிரியை போலீசுக்கும் சலவைக்கடைக்கும் போன் செய்தார். அந்த வீட்டுக்கு இனிமேல் போக முடியாது. கடை வண்டியிலேயே அம்மா வந்து, அப்படியே இவளை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதாக ஏற்பாடு. அதுவரை சாக்பீஸ் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன் வீடு எங்க?"

"கதவு எண் பதி…"

"இல்லடா கண்ணு. தெரியாதுன்னு சொல்லு. உன் வீடு எங்க?"

"தெரியாது டீச்சர்."

"கெட்டிக்காரி." சொல்லும்போதே அழுகை வந்தது. ஒரு பிள்ளைக்கு மறக்கச் சொல்லிக்கொடுத்தது என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.

அவள் சட்டைப் பட்டனைத் திருகினாள். "அப்ப நான் தொலைஞ்சு போனா என்ன சொல்லணும் டீச்சர்?"

என் போன் நம்பரைச் சொன்னேன். ராகமும் இல்லை, கைதட்டும் இல்லை. காதோடு காதாக, இலக்கம் இலக்கமாக. வண்டி வந்து ஹாரன் அடிப்பதற்குள் பத்து இலக்கத்தையும் தப்பில்லாமல் சொல்லிவிட்டாள். எங்கே போகிறார்கள் என்று அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாய் மேல் எனக்கே நம்பிக்கை போயிருந்தது.

மூன்று வருடம் ஆகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். வேறு கம்பெனி சிம் மலிவாகக் கிடைக்கிறது, நம்பரை மாற்று என்று மகன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். தெரியாத நம்பரை நான் எடுக்காமல் விடுவதே இல்லை. "லோன் வேணுமா மேடம்?" என்று கேட்கிறவர்களிடம்கூட, "நல்லா இருப்பா," என்று சொல்லித்தான் வைக்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது. எடுத்தேன். பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"டீச்சர்தான் பேசுறேன். சொல்லும்மா."

வைத்துவிட்டார்கள். உடனே அதே நம்பருக்குத் திருப்பி அடித்தேன். ஒரு ஆண் குரல்.

"ஜெராக்ஸ் கடைங்க."

"இப்ப இந்த போன்ல பேசினது யாருங்க?"

"ஒரு சின்னப் பொண்ணுங்க. ஒம்பது வயசு இருக்கும். நம்பர் இன்னும் இருக்கான்னு மட்டும் பாத்துக்கறேன் அண்ணான்னு கேட்டுச்சு. பாத்துட்டு ஓடிடுச்சு."

"கூட யாராவது இருந்தாங்களா?"

"கவனிக்கலீங்களே."

அன்றிலிருந்து குளிக்கப் போகும்போதும் போனைக் கையோடு எடுத்துப் போகிறேன்.