தகவல் தந்தவர்

இரும்புக் கம்பியை இயந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கும் நடுவில் நிறுத்திப் பிடியை இறுக்கிவிட்டு, லேப் அண்ணன் வால்வைத் திறந்தார். இழுவை இயந்திரம் முனகத் தொடங்கியது. சுற்றி நின்ற பன்னிரண்டு மாணவர்களில் நான்கு பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். கம்பி எத்தனை சுமையில் அறும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். போன வருஷத்து ரெகார்டு நோட்டு ஆளுக்கொரு நகலாகப் பைக்குள் இருந்தது.

ஒன்பது வருஷமாக அவர் பார்க்கிற கூத்து இது. இயந்திரம் எதைக் காட்டினாலும் நோட்டில் அதே எண் வரும், வரைபடத்தில் கோடு நூல் பிடித்தாற்போல் நேராக விழும், சார் கையெழுத்துப் போடுவார். இதற்கு இயந்திரம் எதற்கு, நானே ஒரு பலகையில் எழுதி மாட்டிவிடுகிறேனே என்று அவர் வீட்டில் சொல்லிச் சிரிப்பதுண்டு.

சுமையைக் காட்டும் முள் நாற்பதில் நின்றுகொண்டது. அந்த இடத்தில் அது எப்போதும் சண்டித்தனம் பண்ணும். ஸ்பானர் பிடியால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார். முள் துள்ளி நாற்பத்து நான்குக்குப் போனது.

"அண்ணா, தட்டுறதுக்கு முன்னாடி இருந்ததை எழுதணுமா, தட்டின பிறகு வந்ததையா?"

கேட்டவள் தடிமனான மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். கையில் வெறும் தாள் வைத்திருந்தாள்.

"அடேயப்பா! இதைக் கேட்ட முதல் ஆள் நீதாம்மா. எதை எழுதினா என்ன? யார் பார்க்கப்போறாங்க?"

"அறிக்கை எழுதச் சொல்லித்தர்ற எழுத்து டீச்சர் பார்ப்பாங்கண்ணா. கண்ணால பார்த்ததைத்தான் எழுதணுமாம். கேட்டதை எழுதினா, யார் சொன்னதுன்னு போடணுமாம். போடலேன்னா சிவப்பு மையில வட்டம்." அவள் முள்ளை உற்றுப் பார்த்தாள். "இதைக் கடைசியா எப்போ சரிபார்த்தாங்க?"

"மூணு வருஷமாச்சு. பெரிய சார்கிட்ட மூணு தடவை சொல்லிட்டேன். ஆளைக் கூப்பிட்டா செலவு, அப்புறம் பார்க்கலாம்பாரு."

கம்பி படீரென்று அறுந்தது. அன்றைக்கு அவருக்கு மனசு நிறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் யாரோ ஒருத்தி இயந்திரத்தைப் பார்த்தாளே!

அவளுடைய அறிக்கைக்கு எழுத்து டீச்சர் முழு மதிப்பெண் போட்டார். எல்லாரும் இப்படி எழுதப் பழக வேண்டும் என்று அதைத் துறையின் அறிவிப்புப் பலகையில் குத்தியும் வைத்தார். இரண்டு அளவுகளும் அடுத்தடுத்த வரிசையில் இருந்தன. அடியில் ஒரு குறிப்பு: இயந்திரம் மூன்று ஆண்டுகளாகச் சரிபார்க்கப்படவில்லை. தகவல் தந்தவர்: ஆய்வக உதவியாளர்.

கல்லூரிக்கு அங்கீகாரம் தர வந்த குழு அடுத்த வாரம் அந்தப் பலகை முன்னால்தான் தேநீர் குடித்தது.

மறுநாள் காலையில் பெரிய சாரான துறைத்தலைவர் அவரைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. நாற்காலியில் உட்காரக்கூடச் சொன்னார். லேப் அண்ணன் நுனியில் உட்கார்ந்தார்.

"இயந்திரத்தைப் பராமரிக்கிறது யார் வேலை?"

"என் வேலைதான் சார். ஆனா உங்ககிட்ட..."

"எழுதிக் கொடுத்தியா?"

"வாயாலதான் சார் சொன்னேன்."

"அப்போ சொல்லலைன்னுதான் அர்த்தம். சரிபார்க்க ஏற்பாடு பண்ணாம விட்டது என் தவறுன்னு ஒரு கடிதம் கொடுத்துடு. வேலை இருக்கும். நிரந்தரத்தை அடுத்த தடவை பார்ப்போம். கொடுக்கலேன்னா நாளைக்கு வேற ஆள் வருவான்."

பணி நிரந்தரப் பட்டியலில் இந்த வருஷம் இரண்டு பெயர்கள். ஒன்று அவருடையது. நிரந்தரமானால் மனைவியின் முழங்கால் ஆபரேஷனைக் கல்லூரிக் காப்பீடு ஏற்கும். அவள் ஆஸ்பத்திரியில் தேதிகூட விசாரித்து வைத்திருந்தாள். அவருக்கு ஸ்பானர் பிடிக்க வரும், இந்த மாதிரிக் கடிதம் எழுத வராது. நூலகத்துக்குப் போய் அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்னாலதாண்ணா. உங்க பேச்சை நான் ஏன் போட்டேன்? நானே போய்ச் சார்கிட்ட சொல்லிடறேன்."

"எழுதினதே போதும் தாயி, சொல்லவும் வேணுமா? பேனாவை எடு."

அவள் எழுதினாள். மூன்று முறை துறைத்தலைவரிடம் வாய்மொழியாகத் தெரிவித்தேன் என்று ஒரு வரி வந்தது. அவர் அதன்மேல் விரலை வைத்தார்.

"இதை அடிச்சிடு."

"இதுதாண்ணா உண்மை!"

"பேப்பர் இருக்கா அதுக்கு? உங்க டீச்சர் வட்டம் போட மாட்டாங்க?"

அந்த வரியை அடித்துவிட்டுப் புதுத்தாளில் எழுதிக் கொடுத்தாள்.

துறைத்தலைவர் கடிதத்தை நின்றபடியே படித்தார். "நல்லா இருக்கு. சுருக்கமா, தெளிவா. தேதியை மட்டும் ரெண்டு மாசம் முன்னாடி போட்டுக்கொண்டு வா. குழு வர்றதுக்கு முன்னாடியே துறை கண்டுபிடிச்சு நடவடிக்கை எடுத்த மாதிரி இருக்கணும்."

அவர் மறுபடி நூலகத்துக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் இன்னொரு தாளை எடுத்து, சொல் மாறாமல் முழுவதையும் பார்த்து எழுதினாள். கடைசியில் தேதி என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். மை தாளில் ஒரு புள்ளியாக ஊறியது.

"கொடும்மா. அதை நீ எழுத வேண்டாம்."

அவர் பேனாவை வாங்கிக்கொண்டார். தாளில் எண்ணெய்க் கறை படாமலிருக்கக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியைத் தன் கோணல் எழுத்தில் போட்டுக் கையெழுத்திட்டார்.